மோட்டார்ப் பந்தயமும் தலைக்கவசமும்

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்பது நம் நாட்டில் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே வழங்கும் பழமொழி. வழங்குவோர் பலராயினும் அதன் பொருளையுணர்ந்து ஒழுகுவோர் சிலரே. காலுக்குச் செருப்பு வாங்கப் புகும் ஒருவன் நான்கு கடைகளில் ஏறி இறங்குகின்றான், போட்டுப் பார்க்கின்றான், நடந்து பார்க்கின்றான், எங்கேனும் கடிக்கின்றதா என்று ஆராய்கின்றான். அவனே தலைக்கவசம் வாங்கப் புகுங்கால், சாலையோரத்தில் அடுக்கி வைத்திருப்பனவற்றுள் நிறம் நன்றாயிருப்பதொன்றை விலைபேசி எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றான். காலுக்குக் காட்டும் கவலையைத் தலைக்குக் காட்டாத இவ்விந்தை எங்கள் குடும்பத்திலேயே நிகழக் கண்டு, அதனால் யான் கற்றறிந்த சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு மோட்டார்ப் பந்தயத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். உறவு என்னுடையதன்று, என் அண்ணனுடையது.

அவர் என் பெரிய தந்தையாரின் மகனார். தென்காசியில் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்று நடத்தி வருகின்றார். வாரமெல்லாம் பிறர் வண்டிகளைச் செப்பஞ்செய்து, ஞாயிறு மாலைகளில் தம் பழைய காரைப் பந்தயத்திற்கென்று செப்பஞ்செய்வது அவர் வழக்கம். கோயம்புத்தூரில் நடைபெறவிருந்த ஆட்டோகிராஸ் போட்டியொன்றிற்குச் சென்ற மார்கழியில் அவர் பெயர் கொடுத்திருந்தார். நுழைவுக் கட்டணமும் செலுத்தியிருந்தார். விடுமுறைக்கு யான் ஊர் சென்றிருந்த சமயம் அது. புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன், "தம்பி, இந்த ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டு அலசி வை, வியர்வை நாற்றம் தாங்க முடியவில்லை" என்று கூறித் தம் தலைக்கவசத்தை என்னிடம் கொடுத்தார்.

அத்தலைக்கவசம் எனக்குப் புதியதன்று. அதற்கு முந்திய ஆடி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் தென்காசி வரையில் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், ஐந்தருவியிலிருந்து திரும்பும் வழியில் அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்தது. வேகம் குறைவாதலின் முழங்காலிற் சிராய்ப்பன்றி வேறு காயமில்லை. தலைக்கவசத்தின் வலப்புறத்தில் ஒரு கீறல் மட்டும் கண்டது. அதனைத் துடைத்து மீண்டும் ஆணியில் மாட்டிவிட்டார்கள். ஐந்து திங்கள் கழித்து யான் உள்துணியைக் கழற்றியபோதுதான் உள்ளிருந்த வெண்ணிறத் தெர்மோகோலைக் கண்டேன். வெளியே கீறல் இருந்த இடத்திற்கு நேராக, ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவிற்கு அது அமுங்கிக் கிடந்தது; அவ்வமுங்கலிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பொன்றும் ஓடியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். அவர் நகைத்து, "வெளியே ஒரு கீறல்தானே தம்பி! உள்ளே இருப்பது டெலிவிஷன் பெட்டியோடு வருகிற தெர்மோகோல். அதிலா காரியம் இருக்கிறது? தலையைக் காப்பது ஓடல்லவா?" என்றார்.

ஓடா, உள்ளீடா? இவ்வினாவிற்கு விடை காணப் புகுந்ததே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நம் நாட்டிற் பந்தயம்

மோட்டார்ப் பந்தயம் மேனாட்டாருக்கே உரியதென்றும் நமக்கு அது புதுவதென்றும் எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளமே, போருக்குப் பின் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பல்லாண்டு பந்தயங்கள் நடத்திற்று. பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயச் சாலை திறக்கப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், காலஞ்சென்ற பந்தய வீரர் கரிவரதனின் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர்க்காரராகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்திற் கலந்துகொண்டு, அப்பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியர் என்னும் சிறப்பைப் பெற்றார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சூழ்ந்த தெருக்களிலேயே மின்விளக்கொளியில் இரவுப் பந்தயம் நிகழ்ந்தமையை நம்மிற் பலர் அறிவர்.

இவையெல்லாம் பெரியோர் ஆடும் ஆட்டம். இவற்றினும் எளியவாய், பிழைப்பிற்கன்றி விருப்பத்திற்காக ஓட்டுவோர் புகத்தக்க வாயில்கள் இரண்டு உள. ஒன்று, பந்தயச் சாலையை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, அதிற் பழகும் பொருட்டுத் தத்தம் கார்களை ஓட்டுவது. மற்றொன்று ஆட்டோகிராஸ். பெரிய வெளியொன்றில் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து செல்லும் வழியொன்று வகுத்து, அவ்வழியே வண்டிகளை விட்டு, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுவது அது. கூம்பைத் தட்டினால் நேரம் கூட்டப்படும். போட்டி கடிகாரத்தோடேயாதலின், பக்கத்தில் நெருக்கும் வண்டிகளின் அச்சம் இதிற் குறைவு. ஆயினும் சறுக்கும் மண்ணில் திடீரெனத் திரும்பும் கார் கவிழ்தலும் உண்டு. கவிழுங்கால் ஓட்டுபவன் தலை கதவிலும் தூணிலும் கூரையிலும் மோதுதலும் உண்டு. எனவேதான் காருக்குக் கூரை இருந்தும் தலைக்குத் தனிக்கவசம் வேண்டுமென்று பந்தயம் நடத்துவோர் விதித்துள்ளனர்.

பொங்குமாங்கடல் கற்பிக்கும் பாடம்

இனி, அண்ணன் கேட்ட வினாவிற்கு வருவோம். அதற்கு விடை எங்களூர் மக்கள் நாடோறும் காணும் இடத்திலேயே உள்ளது.

குற்றாலத்துப் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வது. அவ்வளவு நீரும் நேரே வந்து தலையில் விழுமாயின், அதன்கீழ் நின்று நீராடுவார் ஒருவரும் இரார். ஆனால் சிறு பிள்ளைகளும் முதியோரும் அதன்கீழ் நின்று மகிழ்கின்றனர். காரணம் யாதெனில், மேலிருந்து பாய்ந்துவரும் வெள்ளம் இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பெரும்பள்ளத்தில் வீழ்ந்து, அங்கே தன் வேகத்தைப் பறிகொடுத்து, பொங்கி எழுந்து, பின்னரே நம் தலைமேல் வழிகின்றது. உயரமும் குறையவில்லை, நீரும் குறையவில்லை. இடையிலுள்ள பள்ளம் வேகத்தை உண்டுவிட்டது. அவ்வளவே.

தலைக்கவசத்துள் இருக்கும் தெர்மோகோல் இப்பொங்குமாங்கடலே யாகும். வெளியோட்டின் வேலை, கூரிய பொருள் உட்புகாதவாறு தடுத்தலும், ஓரிடத்திற் பட்ட அடியைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளித்தலுமேயாம். அடியின் வேகத்தை உண்பது அந்த வெண்ணிற உள்ளீடு. அது நசுங்கும்போது தலை சிறிது தூரம் சென்று நிற்கின்றது. நசுங்காத கல்லின்மேற் பட்டாலோ தலை அந்தக் கணமே நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புண்டாகும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தலை தரையைத் தொடுங்கால் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்கும். அது 3 மில்லிமீட்டர் தூரத்துள் நிறுத்தப்படுமாயின், அதன்மீது செயற்படும் விசை அதன் எடையைப்போல் சுமார் 500 மடங்காகும். அதே தலை 25 மில்லிமீட்டர் சென்று நிற்குமாயின், அவ்விசை சுமார் 60 மடங்கே. ஒரு விரற்கிடை தூரம் உயிருக்கும் சாவிற்கும் இடையிலுள்ள தூரமாகிவிடுகின்றது.

நசுங்குதல் அதன் தொழில் என்றால், ஒருமுறை நசுங்கியது தன் தொழிலை முடித்துவிட்டது என்பதும் தானே பெறப்படும். தெர்மோகோல் ரப்பரைப்போல மீண்டெழுவதன்று. அண்ணனுடைய கவசம் ஆடி மாதத்தில் அவர் தலையைக் காத்தது. மார்கழியில் அவ்விடத்தில் அதற்குக் காக்கும் ஆற்றலில்லை. பள்ளம் தூர்ந்துபோன பொங்குமாங்கடலின்கீழ் நீராடப் புகுவது எத்தகையதோ, அதனையணிந்து பந்தயத்திற் புகுவதும் அத்தகையதே.

மூன்று மரணங்கள்

இவ்வுண்மையை உலகம் எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. முதல் உலகப் போரில் அராபிய நாட்டிற் புகழ்பெற்ற ஆங்கில வீரர் டி. ஈ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிற் சென்றபோது, எதிர்ப்பட்ட இரு சிறுவர்களின்மேல் மோதாதபடி விலகி வீழ்ந்து தலையிற் காயமுற்று ஆறாம் நாள் உயிர் துறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவராகிய ஹியூ கெய்ர்ன்ஸ் என்பார், இத்தகைய மரணங்களைத் தடுத்தல் கூடுமா என்று பல்லாண்டு ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை விளக்கி 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் யாவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டுமென ஆணை பிறந்தது.

அடுத்தது 1956. அமெரிக்க நாட்டுப் பந்தய வீரர் பீட் ஸ்நெல் என்பார் அவ்வாண்டில் பந்தயத்தில் இறந்தார். அவர் தலையிற் கவசம் இல்லாமல் இல்லை. இருந்த கவசம் காக்கவில்லை. அதனால் மனம் வருந்திய அவர் நண்பர்கள், எக்கவசம் காக்கும், எக்கவசம் காவாது என்று அடித்தும் மோதியும் சோதித்துச் சான்று வழங்கும் நிலையமொன்றை அவர் பெயரால் 1957இல் நிறுவினார்கள். இன்றளவும் பந்தயக் கவசங்களின்மேற் காணப்படும் ஸ்நெல் முத்திரை அந்நிலையத்தினுடையது. மூன்றாவது மரணத்தைக் கழுத்தைப்பற்றிப் பேசுமிடத்திற் கூறுவேன்.

சாலைக் கவசமும் களக் கவசமும்

தலைக்கவசம் என்று பெயர் பெற்றன எல்லாம் ஒன்றே என்று எண்ணுதல் பெரும்பிழை. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் கவசத்திற்கு ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தரநிலை உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத கவசங்களை விற்றலாகாது என்னும் விதி 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சாலையிற் செல்வோர் அம்முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டா.

ஆனால் காரில் பந்தயம் ஓட்டுபவனுக்கு நேரும் இடர் வேறு. மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்பவன் வண்டியை விட்டுப் பிரிந்து தரையில் மோதுகின்றான்; கார் ஓட்டுபவனோ பட்டையாற் கட்டுண்டு வண்டியினுள்ளேயே இருக்கின்றான். அவன் தலை மோதுவது பெரும்பாலும் காரினுள்ளே பொருத்திய இரும்புக் கூண்டின் குழாயில். அதுவும் ஒரே குழாயிற் பலமுறை மோதுதல் கூடும். பெட்ரோல் ஒழுகித் தீப்பற்றுமாயின் உடனே வெளியேறவும் இயலாது. ஆதலின் ஸ்நெல் நிலையத்தார் தரங்களை வகுத்துள்ளனர். எம். என்னும் எழுத்துடையவை மோட்டார் சைக்கிளுக்கு, கே. என்பவை சிறு கார்ட் வண்டிகளுக்கு, எஸ்.ஏ. என்பவை கார்ப் பந்தயத்திற்கு. எஸ்.ஏ. கவசங்களும் கே. கவசங்களும் மட்டுமே கூண்டுக் குழாயை ஒத்த இரும்பின்மேல் மோதிச் சோதிக்கப்படுகின்றன. எஸ்.ஏ. கவசங்கள் தீயிற் காட்டியும் சோதிக்கப்படுகின்றன. எம். கவசம் தீச்சோதனை பெற்றதன்று. எழுத்தை அடுத்து வரும் எண் தரம் வகுத்த ஆண்டைக் குறிக்கும், எஸ்.ஏ. 2015, எஸ்.ஏ. 2020, எஸ்.ஏ. 2025 என ஐந்தாண்டிற்கொருமுறை அது புதுப்பிக்கப்படுகின்றது. அனைத்துலக மோட்டார் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ.வின் 8859, 8860 என்னும் தரங்களும் கார்ப் பந்தயத்திற்கே உரியவை. இவற்றுட் பின்னது கடுமை மிக்கது, விலையும் மிக்கது.

இம்முத்திரை கவசத்தின் வெளியே பகட்டாக ஒட்டியிருப்பதன்று. உள்துணியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒட்டியிருக்கும் வில்லையில் அதனைக் காணலாம். எப்போட்டிக்கு எம்முத்திரை வேண்டும் என்பதை அப்போட்டியின் விதிப்புத்தகம் கூறும். கடைக்குப் போகுமுன் அதனைப் படித்தல் வேண்டும். அண்ணன் பெயர் கொடுத்தபோது அதனைப் படிக்கவில்லை. யான் வற்புறுத்தியபின் படித்தார். சாலைக் கவசம் ஏற்கப்படாது என்னும் வரி நடுப்பக்கத்திலேயே இருந்தது. உள்ளே நசுங்காதிருந்தாலும் அது வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

அளவறிதல்

வேதாகமத் தமிழில் தலைக்கவசத்திற்குச் 'சீரா' என்னும் சொல் வழங்குகின்றது. கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீதின் தலையில், சவுல் அரசன் தன் வெண்கலச் சீராவை வைத்த செய்தியை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். நாட்டிலேயே விலையுயர்ந்த சீரா அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சவுல் எல்லோரினும் நெடியவன், தாவீதோ இளைஞன். அணிந்து நடந்து பார்த்த தாவீது அதனைக் களைந்து வைத்துவிட்டான். எவ்வளவு உயர்ந்த கவசமாயினும் தன் தலைக்குப் பொருந்தாததைக் களைந்துவிடும் அறிவு நமக்கும் வேண்டும்.

பொருத்தம் அறியும் முறை கடினமானதன்று. தையற்காரரின் அளவு நாடாவைப் புருவத்திற்கு ஓரங்குலம் மேலாக, காதுகளுக்கு மேலே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி வைத்து அளத்தல் வேண்டும். இருமுறை அளந்து, மிகுந்த அளவைக் கொள்க. அச்சென்டிமீட்டர்க் கணக்கைக் கவசம் செய்தோரின் அட்டவணையோடு ஒப்பிடுக. ஒருவர் அட்டவணையில் நடுத்தரமாயிருப்பது மற்றொருவர் அட்டவணையிற் பெரியதாயிருத்தலும் உண்டு. அளவு ஒத்தாலும் வடிவு ஒவ்வாமை உண்டு. சிலர் தலை மேலிருந்து பார்க்க வட்டமானது; சிலர் தலை நீண்டது. நீண்ட தலையில் வட்டக் கவசத்தை வைத்தால் நெற்றியில் அழுத்தமும் பக்கங்களில் இடைவெளியும் உண்டாகும்.

அணிந்தபின் செய்யத்தக்க சோதனைகள் நான்கு. முதலாவது, கன்னங்கள் இரண்டும் சற்றே நெருக்குண்டு உட்குழிய வேண்டும். புதிய கவசத்தின் பஞ்சு நாளடைவிற் சிறிது தளருமாதலின், முதல்நாளிலேயே சுகமாயிருப்பது பின்னர்த் தொளதொளத்துப்போம். இரண்டாவது, இரு கைகளாற் கவசத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால், கன்னத்துத் தோலும் அதனோடு திரும்ப வேண்டும். கவசம் மட்டும் சுழலுமாயின் அது பெரியது. மூன்றாவது, தாடைப் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டுமாறு ஒரு நண்பரை வேண்டுக. கழன்று வருமாயின் அதனைக் கடையிலேயே விட்டுவிடுக. நான்காவது, அரைமணி நேரம் அதனை அணிந்தபடியே அமர்ந்திருக்க வேண்டும். கழற்றியபின் நெற்றியில் செந்தழும்பும் வலியும் காணுமாயின் வடிவு பொருந்தவில்லை என்க. கடைக்காரர் முகஞ்சுளிப்பாரென்று நாணி இதனைத் தவிர்த்தலாகாது.

பொருந்தாமையின் கேட்டிற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியில் நிகழ்ந்த பந்தயத்தில் உலக வீரர் நிக்கி லவ்டாவின் கார் மோதித் தீப்பற்றிற்று. மாற்றியமைக்கப்பட்ட கவசத்தை அணிந்திருந்தார் அவர். மோதலில் உட்பஞ்சு அமுங்க, கவசம் தலையைவிட்டு நழுவியது. தீ முகத்தைத் தின்றது. அவர் உயிர்தப்பி, ஆறு வாரங்களில் மீண்டும் களம் புகுந்தார் என்பது வேறு கதை. தலையில் நில்லாத கவசம் இருந்தும் இல்லாததே.

முகமும் பார்வையும்

முகத்தைத் திறந்து விடும் கவசம், தாடையையும் மூடும் முழுக்கவசம் என இரு வகை உண்டு. மூடிய காரில் ஓட்டுவோர்க்கு முதல்வகையைச் சிலவிடத்து அனுமதிப்பதுண்டு. காற்றோட்டமும் பார்வையும் அதிற் சிறந்தன. ஆயினும் ஸ்டியரிங் சக்கரத்தில் முகம் மோதுதல் கூடுமாதலின் முழுக்கவசமே நலம். மண்களத்தில் எழும் புழுதியைத் தடுப்பதற்கும் அதுவே ஏற்றது.

முன்கண்ணாடியைப்பற்றிக் குற்றாலத்துப் பக்கம் வாழ்வோர்க்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. சாரற் காலத்தில் வெளியே குளிர், உள்ளே மூச்சின் வெப்பம். இரண்டிற்கும் இடையே கண்ணாடி பனித்து வெண்திரையாகிவிடும். பனி பற்றாத மென்தகடு பொருத்திய கண்ணாடியும், மூச்சுக்காற்று வெளியேறும் துளைகளும் உள்ளனவா என்று பார்த்து வாங்குக. அண்ணனைப்போல மூக்குக்கண்ணாடி அணிவோர், அதனையும் அணிந்தே கவசத்தைச் சோதித்தல் வேண்டும். கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுத்தினால் பத்து நிமிடத்திற் கவனம் முழுதும் வலியிற் சென்றுவிடும்.

கழுத்து

இப்போது மூன்றாவது மரணம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அமெரிக்காவில் டேடோனா களத்தில் பெரும்புகழ் வாய்ந்த டேல் எர்ன்ஹார்ட் உயிர் துறந்தார். உடல் பட்டையிற் கட்டுண்டு நிற்க, தலை மட்டும் கவசத்தின் பாரத்தோடு முன்னே எறியப்படுங்கால், மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகின்றது. அவர் இறந்ததும் அம்முறிவினாலேயே. இதனைத் தடுக்கும் ஹான்ஸ் என்னும் கழுத்துக்காப்பை ராபர்ட் ஹப்பர்ட் என்னும் பேராசிரியரும், அவர் உறவினரான பந்தய வீரர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கியிருந்தனர். தோள்மேல் அமரும் நுகம் போன்ற அதனைக் கவசத்தின் இருபுறத்தும் வார்களாற் பிணைப்பர். 2003 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. கவசம் இலேசாயிருத்தல் நன்று. ஒவ்வொரு கிராமையும் கழுத்தே சுமக்கின்றது. மேலும், பின்னாளிலேனும் கழுத்துக்காப்பு அணியும் எண்ணமுடையோர், அதற்குரிய திருகாணித் துளைகள் உள்ள கவசத்தையே வாங்க வேண்டும். எஸ்.ஏ. 2015 முதலான தரங்களில் அத்துளைகள் இருக்கும். வீட்டில் துளையிட்டுக்கொள்வது கவசத்தைக் கெடுத்துவிடும். சாதாரணக் காரின் மும்முனைப் பட்டையோடு இக்காப்பு இயங்காது. இரு தோள்களையும் பிணிக்கும் பந்தயப் பட்டையோடே இயங்கும்.

வாங்கியபின்

கவசத்திற்கு ஆயுள் உண்டு. வியர்வையும் வெயிலும் எண்ணெயும் அதனை மெல்ல மெல்ல நலிவிக்கின்றன; ஏறக்குறைய ஐந்தாண்டில் மாற்றிவிடுக என்பது ஸ்நெல் நிலையத்தார் கூற்று. பெட்ரோல், பெயிண்ட், தின்னர் ஆகியவற்றின் ஆவி தெர்மோகோலைக் கரைக்கும். பட்டறையில் அவற்றினருகே வைத்தலாகாது. வெளியோட்டிற் கண்ட சாயத்தைப் பூசிக்கொள்வதும் தீது. இளஞ்சோப்பும் நீரும் போதும். பிறர் அணிந்து பழகியதை மலிவென்று வாங்குவோர், அதன் உள்ளே ஓர் ஆடி மாதத்துச் சாரல் மறைந்திருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

விலையைப்பற்றி ஒரு சொல். பந்தயக் கவசம் சாலைக் கவசத்தினும் பன்மடங்கு விலையுடையது. அண்ணனிடத்தில் அப்போதிருந்த தொகை ஒன்றற்கே போதுமானது: நான்கு புதிய டயர்களா, ஒரு தலைக்கவசமா? டயர் வாங்கினால் கடிகாரத்தில் இரண்டொரு விநாடி குறையலாம். அவர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் அழைத்து, அம்முறை வர இயலாது என்று தெரிவித்தார். கட்டிய பணம் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவர் காரின் அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

பங்குனியில் இருவரும் கோயம்புத்தூர் சென்றோம். அவர் முதலில் எடுத்தது 60 சென்டிமீட்டர்க் கவசம், சுகமாயிருக்கிறதென்றார். நாடாவோ 58 என்றது. அரைமணி நேரம் கடையின் நாற்காலியில் அதனை அணிந்தபடி அமர்ந்திருந்தார்; உள்ளே வந்த சிறுவர் சிலர் அவரைக் கண்டு நகைத்தனர். அவர் அசையவில்லை.

பழைய கவசத்தை அவர் எறிந்துவிடவில்லை. பட்டறையில் இரும்பறுக்கும் வாளால் அதனை இரண்டாக அறுத்து, அமுங்கிய இடம் வெளியே தெரியும்படி வாயிற்படிக்கருகே தொங்கவிட்டிருக்கின்றார். வண்டி விட வருவோர் அதனைக் கண்டு யாதென்று வினவுகின்றனர். அண்ணன் விளக்கம் ஒன்றும் கூறுவதில்லை. அவர்தம் விரலைப் பிடித்து, நாணயத்தளவினதாகிய அப்பள்ளத்தில் வைத்துக் காட்டுகின்றார்.